வயிற்றுக்குப் பூரண சுயராஜ்யம்

பத்திரிகையில் எழுதுகிறவர்கள் தங்களை "நாம்" என்று சொல்லிக் கொள்வது நெடுங்கால வழக்கம். "நாம் கருதுகிறோம்", "நமது அபிப்பிராயம்" என்றெல்லாம் எழுதும்போது, நமக்குப் பின்னால் ஒரு பெரிய ஜனக்கூட்டமே நிற்பது போன்ற தைரியம் உண்டாகி விடுகிறது. அந்த வழக்கம் எவ்வளவு பொய்யானது என்பது வயிற்று வலி வந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. இராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, மேல் வயிற்றைக் கையால் அழுத்திக் கொண்டு, எப்போது விடியும் என்று ஜன்னலைப் பார்த்துக் கொண்டிருந்தவர் ஒரே ஒருவர்தான். வலியில் பங்கு கேட்டு யாரும் வரவில்லை.

யோசனை சொல்லத்தான் கூட்டம் வந்தது. மிளகாயை விடச் சொன்னார் ஒருவர். காப்பியை விடச் சொன்னார் மற்றொருவர். சீரகத் தண்ணீர், மணத்தக்காளிக் கீரை, வெறும் வயிற்றில் மோர், வெறும் வயிற்றில் மோர் கூடவே கூடாது - இப்படி ஒருவருக்கொருவர் முரணான யோசனைகள் வந்து குவிந்தன. ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம். "நீங்கள் ரொம்பக் கவலைப்படுகிறீர்கள். கவலையை விட்டால் வயிறு தானே சரியாகிவிடும்" என்றார்கள்.

இந்த வார்த்தையை நாம் முன்பே கேட்டதுண்டு. நமது பெரியப்பாவிடம் அதைத்தான் எல்லோரும் சொல்லிக் கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா பள்ளிக்கூட உபாத்தியாயர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறு தகர டப்பா வைத்திருப்பார். அதில் சோடா உப்பு. வகுப்பு நடத்திக் கொண்டே இருப்பார். சட்டென்று நிறுத்தி, ஒரு சிட்டிகை உப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார். ஒரு பெரிய ஏப்பம் விட்டு, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்வார். வீட்டில் அவருக்கென்று தனிச் சமையல். காரம் இல்லை, புளிப்பு இல்லை. குழைந்த சோறும் பாலும் மோருந்தான். டாக்டர்கள் இரண்டு மணிக்கு ஒரு தடவை பால் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். அமெரிக்காவில் ஸிப்பி என்ற டாக்டர் 1915-ஆம் வருஷத்தில் ஏற்படுத்திய பால் வைத்தியம் உலகமெங்கும் பரவி, எங்கள் கிராமம் வரையில் வந்து சேர்ந்திருந்தது.

குழந்தைகளாகிய நாங்கள் அவருக்கு "கோபக்காரப் பெரியப்பா" என்று பெயர் வைத்திருந்தோம். பெரியவர்கள் அந்தப் பெயரை ஒப்புக் கொண்டதுடன், அதையே வியாதிக்குக் காரணமாகவும் சொன்னார்கள். "கோபத்தைக் குறை, வயிறு குளிரும்" என்பார்கள். ஒரு நாள் அவர் சொன்ன பதில் இன்னும் நமக்கு நினைவிருக்கிறது: "கவலையினால் எனக்கு வயிற்று வலி வரவில்லை. வயிற்று வலியினால்தான் கவலையே வந்தது." அதையும் கோபம் என்றே எல்லோரும் எடுத்துக் கொண்டார்கள்.

1979-ஆம் வருஷத்தில் ஓர் இரவு அவர் இரத்தமாக வாந்தி எடுத்தார். அதற்கு முன் மூன்று நாட்களாக மலம் தாரைப்போலக் கறுத்துப் போயிருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிய வந்தது. வாடகை மோட்டார் பிடித்துப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பாதி வழியிலேயே எல்லாம் முடிந்து விட்டது.

வயிற்றுப் புண்ணைத் தமிழ் வைத்தியர்கள் குன்மம் என்ற தலைப்பில் சேர்த்துப் பேசினார்கள். நம் தென்னாட்டுக்கு அது மிகவும் பழக்கமான வியாதி. ஸோமர்வெல் என்று ஓர் ஆங்கிலேய டாக்டர். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற கோஷ்டிகளில் இருந்தவர். முதல் முயற்சிக்குப் பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்ததும் இப்போது கன்னியாகுமரி ஜில்லாவில் இருப்பதுமான நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் படுகிற பாட்டைக் கண்டார். சீமையில் காத்திருந்த உத்தியோகத்தை வேண்டாமென்று விட்டு, அங்கேயே தங்கிவிட்டார். வெள்ளைக்கார ஆட்சியை நாம் விரும்பியதில்லை; ஆனால் இப்படிப்பட்ட வெள்ளைக்காரரைப் பாராட்டாமல் இருப்பது நன்றிகெட்டதனம். நெய்யூரில் அவர் கத்தி எடுத்துச் செய்த காரியங்களில் பெரும் பங்கு வயிற்றுப் புண்ணுக்கானது. தம் சகாவான ஓர் என்பவருடன் சேர்ந்து, தென்னிந்தியாவின் வயிற்றுப் புண்ணைப் பற்றி 1936-ல் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் ஒரு பெரிய கட்டுரையும் எழுதினார்.

ஆனால் அவ்வளவு வயிறுகளைத் திறந்து பார்த்தவரின் காலத்திலும், புண்ணுக்கு மூலகாரணம் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. "அமிலம் இல்லையேல் புண் இல்லை" என்ற சித்தாந்தத்தை 1910-ல் ஷ்வார்ட்ஸ் என்பவர் வகுத்துக் கொடுத்திருந்தார். இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அந்த அமிலக் குளத்தில் எந்தக் கிருமியும் உயிர் வாழ முடியாது என்பது வைத்திய உலகத்தில் வேதவாக்காக இருந்தது. ஆகவே அமிலத்தைத் தணிப்பதற்குப் பால் கொடுத்தார்கள். அதைச் சுரக்கச் செய்யும் நரம்பை அறுத்தார்கள். இரைப்பையிலேயே ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். அமிலம் மிகுதியாவது ஏன் என்று கேட்டால் மிளகாய், புகையிலை, கவலை, கோபம் என்ற பதில் தயாராக இருந்தது. வியாதி எங்கிருந்து வந்தது என்று தெரியாதபோது, வியாதிக்காரன் தலையிலேயே பழியைப் போடுவது உலக வழக்கந்தானே?

பிறகு அமிலத்தைச் சுரக்க விடாமலே தடுக்கும் மருந்துகள் வந்தன. ஜேம்ஸ் பிளாக் என்னும் ஸ்காட்லாந்துக்காரரின் கோஷ்டி கண்டுபிடித்த ஸிமெடிடின் 1976-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அதை விடப் பன்மடங்கு வலிமையுள்ள ஒமெப்ரசோல் 1988-ல் வந்தது. அந்த 1988-லேயே பிளாக்குக்கு நோபெல் பரிசும் கிடைத்தது. அது நியாயமான பரிசு. எத்தனையோ பேர் கத்தியிலிருந்து தப்பினார்கள். மாத்திரை சாப்பிடச் சாப்பிடப் புண் ஆறியது. ஆனால் ஒரு சங்கடம்: மாத்திரையை நிறுத்தியதும், பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் புண் திரும்ப வந்து விட்டது! கதவைத் திறந்து போட்டுவிட்டு வீட்டைப் பெருக்கிக் கொண்டே இருந்த கதைதான்.

திறந்திருந்த கதவைக் கண்டுபிடித்தவர்கள் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரத்துக்காரர்கள். அங்கே ராயல் பெர்த் ஆஸ்பத்திரியில், இரைப்பையிலிருந்து கிள்ளி எடுத்த சதைத் துணுக்குகளைப் பூதக்கண்ணாடியில் பரிசோதிப்பது ராபின் வாரன் என்ற டாக்டரின் வேலை. ஒரு துணுக்கில், சுருள் சுருளாக வளைந்த கிருமிகளை அவர் கண்டார். இருக்கவே முடியாது என்று புஸ்தகங்கள் சொல்லிய இடத்தில் அவை கும்பல் கும்பலாக இருந்தன. அவர் கண்ட வருஷம் 1979. நமது பெரியப்பா காலமான அதே வருஷம்!

வாரன் சொன்னதை அநேகமாக யாரும் காதில் போட்டுக் கொள்ளவில்லை. 1981-ல் பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவருடன் சேர்ந்தார். நூறு நோயாளிகளிடமிருந்து துணுக்குகளை எடுத்து, அவற்றிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்க முயன்றார்கள். மற்றக் கிருமிகள் இரண்டு நாளில் வளர்ந்து விடும். ஆகவே இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டுகளை எறிந்து விடுவது பரிசோதனைச் சாலையின் வழக்கம். முப்பதுக்கு மேற்பட்ட நோயாளிகள் வரையில் ஒன்றும் வளரவில்லை. 1982-ஆம் வருஷத்து ஈஸ்டர் பண்டிகை விடுமுறையில், எறிய வேண்டிய தட்டு எறியப்படாமல் ஐந்தாறு நாள் அப்படியே கிடந்துவிட்டது. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், கிருமி வளர்ந்திருந்தது! அது மெள்ள வளரும் ஜாதி என்பதுதான் இரகசியம். உலகத்தில் சோம்பலினால் நேர்ந்த நன்மைகளின் ஜாபிதா ஒன்று யாராவது தயாரித்தால், ஈஸ்டர் விடுமுறையை முதலில் போட வேண்டும். பின்னால் 1989-ல் அந்தக் கிருமிக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்று பெயர் நிலைத்தது.

கிருமி இருப்பதை ஒப்புக் கொண்டவர்களும், "அது புண்ணிலே வந்து குடியேறியதாக இருக்கலாமே? புண்ணை உண்டாக்கியது என்பதற்கு என்ன சாட்சி?" என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. 1984-ல் மார்ஷல், தம் வயிறு சுத்தமாயிருப்பதை முதலில் பரிசோதித்துக் கொண்டு, வளர்த்த கிருமியைக் கரைத்துக் குடித்து விட்டார். சம்சாரத்திடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விஞ்ஞானம் முன்னேறியிருக்காது. சில நாளில் வயிற்று உப்பசம், வாந்தி, வாய் நாற்றம் எல்லாம் வந்தன. மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பை அழன்று போயிருந்தது. கிருமி அதில் குடியேறியிருந்தது. அவருக்கு வந்தது அழற்சிதான், புண் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். புண் விஷயம் பிறகு வேறு விதமாக நிரூபணமாயிற்று: கிருமியை ஒழித்தவர்களுக்குப் புண் திரும்ப வருவது அரிதாகிவிட்டது. 2005-ல் வாரனுக்கும் மார்ஷலுக்கும் நோபெல் பரிசு கிடைத்தது.

அமிலத்தில் அந்தக் கிருமி எப்படி உயிர் வாழ்கிறது? நம் உடம்பிலுள்ள யூரியா என்ற சத்தைப் பிரித்து, அதிலிருந்து அம்மோனியாவை உண்டாக்குகிறது. அம்மோனியா அமிலத்தை முறித்து விடுகிறது. மழையில் குடை பிடித்துப் போகிறவனைப் போல், தன்னைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையம் அமைத்துக் கொண்டு, தன் சுருள் உடம்பினால் துளைத்துச் சென்று, இரைப்பையின் கோழைப் படலத்துக்கு அடியில் போய் உட்கார்ந்து கொள்கிறது. பெரும்பாலும் குழந்தைப் பிராயத்திலேயே, நெருக்கமான குடும்பங்களில், வாய் வழியாக வந்து சேர்கிறது. உலக ஜனங்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் வயிற்றில் அது இருந்திருக்கிறது என்பது விஞ்ஞானிகள் கணக்கு. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு பகுதியாருக்கே புண் உண்டாகிறது. சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய் வரவும் அதுவே காரணமாகிறது என்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் குழு 1994-ல் தீர்ப்புச் சொல்லியது. ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளும் புண்ணை உண்டாக்கும். எனவே வயிற்று வலியெல்லாம் கிருமி வேலை என்று முடிவு கட்டுவதும் தவறு. பெரியப்பாவின் வயிற்றை எவரும் கிருமிக்காகச் சோதித்ததில்லை. ஆனால் அவர் காலத்துச் சிறுகுடல் புண்களில் மிகப் பெரும்பாலானவை இந்தக் கிருமியினால் உண்டானவை என்பதில் சந்தேகமில்லை.

இவ்வளவும் படித்துத் தெரிந்து கொண்ட நாம் நடந்து கொண்ட விதத்தை இனிச் சொல்ல வேண்டும். வெட்கந்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறோம்.

முதல் இரண்டு வருஷம், எந்த டாக்டரையும் கேட்காமல், காலைக் காப்பிக்கு முன்னால் அமிலத்தை அடக்கும் காப்ஸ்யூல் ஒன்றை நாமே கடையில் வாங்கிச் சாப்பிட்டு வந்தோம். நம் தேசத்தில் எத்தனையோ வீடுகளில் அது பல் துலக்குவது போன்ற நித்திய கருமமாகி விட்டது. பிறகு ஒரு டாக்டர் பரிசோதித்து, கிருமி இருக்கிறது என்று சொல்லி, காலைக்கும் மாலைக்குமாக மருந்துகளை அடுக்கிய பதினாலு அட்டைகள் கொடுத்தார். அமாக்ஸிஸிலின், கிளாரித்ரோமைஸின் என்ற இரண்டு ஆண்டிபயாட்டிக்குகளும், கூடவே அமிலத்தை அடக்கும் மாத்திரையும் அவற்றில் இருந்தன. "கிருமியைக் கொல்ல ஆண்டிபயாட்டிக் சரி, அமிலத்துக்கு மாத்திரை எதற்கு?" என்று நாம் கேட்டோம். அதற்குக் காரணம் உண்டு. அமிலம் மிகுந்திருந்தால் அந்த மருந்துகள் வலுவிழந்து போகும். மேலும், அமிலம் தணிந்தால் கிருமி சுறுசுறுப்பாகப் பெருகத் தொடங்கும். பெருகுகிற சமயத்தில்தான் அதை அடிப்பது சுலபம். புண்ணும் ஆறுவதற்கு அவகாசம் கிடைக்கும். ஒரு மாத்திரை கோட்டைக் கதவைத் திறக்கிறது. மற்ற இரண்டும் உள்ளே புகுகின்றன.

ஆறாம் நாள் வலி அடியோடு மறைந்தது. ஏழாம் நாள் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். கல்யாணச் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஒத்து வராது என்று நாமாகவே ஒரு வைத்திய சாஸ்திரம் கற்பித்துக் கொண்டு, எட்டு அட்டைகளை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினோம். அதோடு விட்டோமா? அடுத்த வீட்டு நண்பர் புளியேப்பம் என்று சொன்னபோது, அவற்றில் நான்கை எடுத்துத் தானமும் செய்தோம். தானத்தில் சிறந்தது அன்னதானம் என்பார்கள். மட்டமானது மாத்திரைத் தானம் என்று இப்போது சேர்த்துக் கொள்கிறோம்.

எட்டு மாதத்தில் வலி திரும்பி வந்தது. இந்தத் தடவை பார்த்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். வாய் வழியாகக் குழாய் விட்டு, சிறுகுடலின் தொடக்கத்தில் புண் இருப்பதைக் கண்டார். கிள்ளி எடுத்த துணுக்கை மஞ்சள் நிறமான ஒரு பசையில் இட்டார். சற்று நேரத்தில் அது சிவந்தது. கிருமி உண்டாக்கும் அம்மோனியாதான் அப்படி நிறத்தை மாற்றுகிறது.

"முன்பு கொடுத்த மருந்தைப் பதினாலு நாளும் சாப்பிட்டீர்களா, ஸார்?" என்று கேட்டார்.

"அநேகமாக..." என்றோம்.

"அநேகமாக என்றால் எத்தனை நாள்?"

"ஆறு நாள், அம்மா."

அவர் கோபித்துக் கொள்ளவில்லை. கோபித்துக் கொண்டிருந்தால் நமக்குச் சௌகரியமாயிருந்திருக்கும். "ஆறு நாளில் பலவீனமான கிருமிகள் செத்திருக்கும், ஸார். பலமுள்ளவை மிஞ்சியிருக்கும். மறுபடி பெருகியவை அவற்றின் சந்ததிதான். கிளாரித்ரோமைஸினை இனி உங்களுக்கு நம்பிக் கொடுக்க முடியாது" என்றார்.

அந்த வார்த்தை நமக்குச் சுருக்கென்று தைத்தது. பெனிஸிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945-ல் நோபெல் பரிசு பெற்றபோது நிகழ்த்திய பிரசங்கத்திலேயே, மருந்தைப் போதாத அளவில் சாப்பிடுகிறவர்கள் கிருமிக்குப் பயிற்சி கொடுத்துவிடுவார்கள் என்று எச்சரித்திருந்தார். மருந்து புதிதாயிருந்தபோதே சொன்ன எச்சரிக்கை! கிளாரித்ரோமைஸினுக்கு மசியாத பைலோரிக் கிருமிகள் இப்போது உலகத்தின் பல பாகங்களிலும் பெருகியிருக்கின்றன. அப்படிப்பட்ட கிருமி நம்மோடு நிற்பதில்லை. வீட்டிலுள்ள குழந்தைக்கும் அதே ரூபத்தில்தான் போய்ச் சேரும். டிராயரில் பூட்டிய எட்டு அட்டைகள் நம் சொந்த விஷயம் என்று நினைத்தோம். அது சொந்த விஷயமே அல்ல. டாக்டர் சீட்டில்லாமல் ஆண்டிபயாட்டிக் வாங்குவதும், பாதியில் நிறுத்துவதும், மிச்சத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதும் தேசத்துக்குச் செய்கிற தீங்கு என்றே இப்போது சொல்லத் தோன்றுகிறது.

இரண்டாவது சிகிச்சை நான்கு மருந்து: பிஸ்மத், டெட்ராஸைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலத்தை அடக்கும் மாத்திரை. நாளொன்றுக்குப் பதின்மூன்று மாத்திரைகள். அமில மாத்திரை சாப்பாட்டுக்கு முன், மற்றவை பின். டெட்ராஸைக்ளினோடு பால் சேர்க்கக் கூடாது. பால் மருந்தைப் பிடித்து நிறுத்திவிடும். பெரியப்பாவின் காலத்தில் பாலே வைத்தியம். நம் காலத்தில் பாலே விரோதி! வாயில் எந்நேரமும் செப்புக் காசு ஒன்றைப் போட்டுக் கொண்டிருப்பது போன்ற ருசி. பிஸ்மத்தினால் நாக்கு கறுத்தது, மலமும் கறுத்தது. அப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சொல்லாதிருந்தால் பெரியப்பாவின் ஞாபகத்திலேயே நாம் பாதி உயிரை விட்டிருப்போம்.

வீட்டில் நமது மனைவி இந்தத் தடவை நம்மை நம்பவில்லை. நாட்காட்டியில் பதினாலு தேதிகளைச் சுற்றி வட்டம் போட்டு, சமையலறைச் சுவரில் மாட்டினாள். ஒவ்வொரு வேளையும் அவள் கண்ணெதிரில்தான் விழுங்க வேண்டும். ஏழாம் நாள், சரியாக முன்போலவே, வலி போய்விட்டது. குமட்டல் மட்டும் இருந்தது. "உடம்புதான் சரியாகிவிட்டதே. இந்த மருந்தே இப்போது வியாதியாயிருக்கிறது. பாதிக்கு மேல் ஆகிவிட்டது, போதாதா?" என்று மெள்ள ஆரம்பித்தோம்.

"1929-ல் லாகூர் காங்கிரஸில் என்ன தீர்மானம் செய்தார்கள் என்று போன மாதந்தான் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். அதைக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்றாள் மனைவி.

பேச முடியவில்லை. டொமினியன் அந்தஸ்து போதும் என்று நயமாகப் பேசியவர்களை ஒதுக்கிவிட்டு, பூரண சுயராஜ்யமே லட்சியம் என்று அன்று தீர்மானித்தார்கள். பாதி சுதந்திரத்தை வாங்கிக் கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால், மீதிப் பாதியை வைத்துக் கொண்டிருந்தவன் மறுபடி முழுவதையும் பிடித்துக் கொண்டிருப்பான் என்பதைத்தான் நாம் பக்கம் பக்கமாக எழுதியிருந்தோம். நம் எழுத்தே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லியது. வாயைத் திறந்து மாத்திரையைப் போட்டுக் கொண்டோம்.

பதினாலாம் நாளோடும் காரியம் முடியவில்லை. வலி இல்லை என்பது கிருமி இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. ஆண்டிபயாட்டிக்கும் பிஸ்மத்தும் நிறுத்திக் குறைந்தது நான்கு வாரம் கழித்து, அமில மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தி வைத்து, பரிசோதனை செய்ய வேண்டும். அவசரப்பட்டால், ஒளிந்திருக்கும் கிருமி அகப்படாமல் தப்பிவிடும். பரிசோதனை மிகச் சுலபமானது. அடையாளமிட்ட கார்பன் சேர்ந்த யூரியாவைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்கிறார்கள். சற்றுப் பொறுத்து ஒரு பையில் ஊதச் சொல்கிறார்கள். வயிற்றில் கிருமி இருந்தால் யூரியாவைப் பிரித்துவிடும். அடையாளமிட்ட கார்பன் மூச்சுக் காற்றில் வெளியே வந்து காட்டிக் கொடுத்துவிடும். நாம் ஊதினோம். காட்டிக் கொடுப்பதற்கு அங்கே யாரும் இல்லை. பைலோரி போய் விட்டது.

அன்று சாயங்காலம் பெரியப்பாவின் மகளைப் பார்க்கப் போனோம். அக்காவுக்கு எழுபது வயதுக்கு மேல். பெரியப்பாவின் தகர டப்பாவில் இப்போது கற்பூரம் வைத்திருக்கிறாள். பெர்த் நகரத்துக் கதையைச் சொன்னோம். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் அப்பா கோபக்காரர் இல்லையா?" என்று கேட்டாள்.

"வலியோடு இருந்தவர், அக்கா."

அவள் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கும் மேல் வயிறு இருபது வருஷமாக எரிகிறது. அப்பாவின் சுபாவம் வந்து விட்டது என்று நினைத்துக் கொண்டு, காலையில் ஒரு காப்ஸ்யூல் போட்டுக் கொள்கிறேன்" என்றாள். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா தம் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனது சுபாவத்தையா, வேறொன்றையா?

மறு வாரமே அவளை டாக்டரிடம் அழைத்துக் கொண்டு போனோம். கிருமி இருந்தது. நல்ல வேளையாகப் புற்றுநோய் அடையாளம் ஒன்றும் இல்லை. மருந்து ஆரம்பமாயிற்று.

வாசக நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இதைப் படித்துவிட்டு மேற்சொன்ன மருந்துகளைக் கடையில் போய்க் கேட்காதீர்கள், யாருக்கு எது பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் யாராவது வருஷக்கணக்காகச் சோடா உப்போ காப்ஸ்யூலோ சாப்பிட்டுக் கொண்டிருந்தால், அவருடைய சுபாவத்தைத் திருத்த முயலாதீர்கள். பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். மலம் கறுத்தாலோ, வாந்தியில் இரத்தம் கண்டாலோ, காரணமின்றி உடம்பு இளைத்தாலோ ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

இதை எழுதிக் கொண்டிருக்கும்போதே டெலிபோன் மணி அடித்தது. அக்காதான்.

"தம்பி, இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. எரிச்சல் சுத்தமாகப் போய்விட்டது. நிறுத்தி விடட்டுமா?"

"இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, அக்கா" என்றோம். இந்தத் தடவை நாம் "நாம்" என்று பேசியதில் பொய் இல்லை. பக்கத்தில் நமது மனைவியும் நின்று அதையே உரக்கச் சொல்லிக் கொண்டிருந்தாள்.